பெருநாள் முடிந்த மூன்றாம் நாள்

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

பெண்களின் ஆரோக்கியம் பற்றிப் பேசுங்கள் என்றுதான் செயலாளர் கேட்டார். சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் பற்றி நீங்கள் வேண்டிய மட்டும் கேட்டிருப்பீர்கள். ஆகவே கிளினிக் கொப்பியில் எழுத இடமில்லாத ஒரு வருத்தத்தைப் பற்றிப் பேச அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டேன். பெருநாளுக்கு வந்த பிள்ளைகள் திரும்பிப் போன பிறகு வருகிற வருத்தம் அது.

நோன்புப் பெருநாளோ ஹஜ்ஜுப் பெருநாளோ முடிந்த அடுத்த கிழமை, நான் வேலை செய்த கிளினிக்குகளில் ஒரே விதமான முறைப்பாடு வரும். வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபது வயது தாண்டிய உம்மாமார். "நெஞ்சுக்குள்ள பாரமா இருக்கு டொக்டர்." "ராவையில நித்திரை வருகுதில்ல." "சோறு இறங்குதில்ல." பார்த்தால் பிரஷர் கூடியிருக்கும், சீனியும் கூடியிருக்கும். ஈசிஜி எடுத்தால் அநேகமாகப் புதிதாக ஒன்றும் இருக்காது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும்போதுதான் விஷயம் வெளியில் வரும். "புள்ளைகள் எல்லாம் வந்திருந்தாங்க. முந்தாநாள்தான் பெய்த்தாங்க" என்பார்கள். சொல்லும்போதே முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். பிறகு, "அது ஒன்றுமில்ல, நீங்க மருந்த எழுதுங்க" என்பார்கள்.

அது ஒன்றுமில்லாதது அல்ல என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த விஷயம். இந்த வருத்தம் எங்கள் ஊர்களுக்குப் புதியது. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதில் எங்கள் கல்விக்கும் பங்கு இருக்கிறது. ஆகவே அதைக் கவனிக்கும் பொறுப்பும் எங்களுக்கு இருக்கிறது.

ஏன் புதியது என்கிறேன்? மற்ற ஊர்களில் மகளைக் கட்டிக்கொடுத்தால் அவள் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள். மகளை வழியனுப்பி அழுவதற்கென்றே அந்த ஊர்களில் சடங்கு இருக்கிறது, பாட்டு இருக்கிறது. மருதமுனை முதல் பொத்துவில் வரையான எங்கள் கரையில் வழக்கம் வேறு. இங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்குத் தாய் இருந்த வீட்டையே கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த மகளுக்கு அடுத்த வளவு. குடி வழியும் தாய் வழிதான். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். எங்கள் தமிழ் அயலவர்களும் நாங்களும் பகிர்ந்துகொள்ளும் வழக்கங்களில் இதுவும் ஒன்று.

இதனால் என்ன நடந்தது? உம்மா, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள். மகளுக்குப் பிள்ளை பிறந்தால் உம்மா அடுத்த வீட்டிலிருந்து வந்தார். உம்மா படுக்கையில் விழுந்தால் மகள் வேலியைக் கடந்து போனாள். மகன்தான் வீட்டை விட்டுப் போனான். அதுவும் அநேகமாக இரண்டு தெரு தள்ளி, மிஞ்சினால் சாய்ந்தமருதிலிருந்து நிந்தவூருக்கு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து உம்மாவைப் பார்த்துவிட்டுப் போவான். பெருநாளன்று எல்லோரும் கூடினார்கள், இரவானதும் அவரவர் வீட்டுக்கு நடந்து போனார்கள். மறுநாள் காலையில் திரும்பவும் கண்டுகொள்பவர்களிடம் விடைபெற என்ன இருக்கிறது?

இந்த ஒழுங்கு இரண்டு பக்கமிருந்து அவிழ்ந்தது.

ஒரு பக்கம், அந்த வீடே காரணமாயிற்று. மண் வீடும் ஓலை வீடும் கல் வீடாகின. கல் வீடு மாடி வீடாயிற்று. மூன்று பெண் பிள்ளைகள் இருந்தால் மூன்று வீடு கட்ட வேண்டும். வயலிலும் கடலிலும் தறியிலும் அந்தக் காசு வராது. 1970களின் பிற்பகுதியில் மத்திய கிழக்கின் கதவு திறந்தது. சகோதரிக்கு வீடு கட்டக் காக்கா போனார். மகளுக்கு வீடு கட்ட வாப்பா போனார். ஆண் துணையில்லாத வீடுகளில் உம்மாவே போனார். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் அமைக்கப்பட்டபோது, எங்கள் தெருக்களில் ஏற்கெனவே சவூதி வீடு, குவைத் வீடு என்று பெயர் சொல்லிக் காட்டக்கூடிய வீடுகள் இருந்தன. மகளைத் தாயின் பக்கத்தில் வைத்திருப்பதற்காகக் கட்டிய வீடு, அதைக் கட்டியவரைத் தூரத்துக்கு அனுப்பியது.

மறுபக்கம், கல்வி. 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள், அதே ஆண்டில் இங்கு முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றை அமைத்தார். 1945இல் இலவசக் கல்வி வந்தது. காரைதீவு மண்ணில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் போன்றோர் இந்தப் பிரதேசம் முழுவதற்கும் கல்வியின் ருசியைக் காட்டியிருந்தார்கள். அப்படியிருந்தும் பெண் பிள்ளை பருவமடைந்ததும் கொப்பியை மூடி வைத்த வீடுகள் எத்தனை என்பதை, இங்கே முன்வரிசையில் இருக்கும் மூத்த ஆசிரியைகளைக் கேளுங்கள். வீடு வீடாகப் போய், "ஓ லெவல் மட்டும் எழுதட்டும், பிறகு பாருங்க" என்று வாப்பாமாரிடம் மன்றாடியவர்கள் அவர்கள். ஓ லெவல் முடிய, "ஏ லெவலையும் எழுதட்டும்" என்றார்கள். அதன் பலன்தான் இந்த மண்டபம். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமான கலாபீடம் பலருக்கு ஊருக்குப் பக்கத்திலேயே வழி திறந்தது. அதற்கு முன்னரும் பின்னரும் எங்களில் எத்தனையோ பேர் பேராதனைக்கும் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போனோம். பிறகு வேலைக்கு வேறு மாவட்டம். பிறகு சிலர் கட்டார், இங்கிலாந்து, அவுஸ்திரேலியா. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் போனவர்களின் பட்டியல் இன்னும் நீண்டுவிட்டது. எனது தொழிலிலேயே எத்தனை பேர் போய்விட்டார்கள்.

ஆக, தாயோடு இருப்பாள் என்று வீடு கொடுக்கப்பட்ட மகளும் போய்விட்டாள். இன்று எங்கள் ஊர்களில் நடந்து பாருங்கள். முன்னால் பெரிய மாடி வீடு, கதவு பூட்டு. பின்னால் சின்ன வீட்டில் உம்மா. முன்வீட்டின் திறப்பு அவருடைய முந்தானையில். கிழமைக்கு ஒரு முறை திறந்து தூசி தட்டி, தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைக்கிறார். பெருநாளுக்குப் பத்து நாள் முன்னர் அந்த வீட்டின் ஜன்னல்கள் எல்லாம் திறக்கும். பெருநாள் முடிந்து ஐந்தாறு நாளில் ஒவ்வொன்றாக மூடப்படும். கடைசி ஜன்னலை மூடுகிறவர் உம்மாதான்.

போகும் இரவை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் ஊருக்கு ரயில் இல்லை. ரயில் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. கொழும்புக்கு இரவு பஸ்தான். பின்னேரத்திலிருந்தே பார்சல் கட்டும் வேலை நடக்கும். தொதல் ஒரு பொட்டலம், மஸ்கட் ஒரு பொட்டலம், பொரித்த மீன், கருவாடு, சம்மாந்துறை அரிசி, சட்டியோடு எருமைத் தயிர். "இதெல்லாம் அங்கேயும் வாங்கலாம் உம்மா" என்று மகள் சொல்வாள். உம்மா கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார். பஸ் ஹோர்ன் அடித்ததும் எல்லோரும் கடப்படிக்கு வருவார்கள். சின்னப் பிள்ளைகளின் கையில் காசை அழுத்தி வைப்பார்கள். "பெய்த்து வாறன்" என்று இவர்கள் சொல்ல, "அல்லாஹ்ட காவல்" என்று அவர்கள் சொல்ல, பஸ் போய்விடும். போகிறவளுக்கு அழுவதற்கு இருட்டும் ஓர் இருக்கையும் இருக்கின்றன. நிற்கிறவர் திரும்பிப் போய், சாப்பிட்ட பிளேட்டுகளைக் கழுவ வேண்டும்.

இனி நான் வைத்தியராகக் கொஞ்சம் பேசுகிறேன்.

பிரிவின் துயரம் வைத்திய நூல்களுக்குள் வந்து மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜொஹான்னஸ் ஹோஃபர் என்ற வைத்திய மாணவர், ஊரை விட்டுத் தூரத்தில் இருப்போருக்கு வரும் நித்திரையின்மை, பசியின்மை, நெஞ்சுப் படபடப்பு முதலியவற்றை ஒரு நோயாக விபரித்து, 'நொஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். இன்று நாங்கள் அதை நோய் என்று சொல்வதில்லை. ஆனால் அவர் எழுதிய அறிகுறிகள் பொய்யல்ல. அன்பு வைத்தவரைப் பிரியும்போது உடம்பில் அட்ரினலின் போன்ற சுரப்புகள் கூடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, பிரஷர் ஏறுகிறது, சீனியும் ஏறுகிறது. அதோடு பெருநாள் பலகாரத்தையும் வீடு நிறைந்த ஆட்களுக்கு நடுவே குடிக்கத் தவறிய குளிசைகளையும் இரவிரவாகக் கதைத்துக் கெட்ட நித்திரையையும் கூட்டிப் பாருங்கள். கிளினிக்கில் நான் காணும் கணக்கு சரியாக வரும்.

இதன் கடுமையான வடிவம் ஒன்றும் இருக்கிறது. 1990இல் ஜப்பானிய வைத்தியர்கள் ஒரு விசித்திரமான இதய நோயை விபரித்தார்கள். கடும் துக்கத்துக்கோ அதிர்ச்சிக்கோ ஆளானவர்களின் இதயத்தின் ஒரு பகுதி திடீரென்று தளர்ந்து ஊதிப்போகிறது. மாரடைப்பு மாதிரியே நெஞ்சு நோவு, மாரடைப்பு மாதிரியே ஈசிஜி. ஆனால் இரத்தக் குழாயில் அதற்குக் காரணமான அடைப்பு இருக்காது. அந்த இதயத்தின் வடிவம் ஜப்பானிய மீனவர்கள் கணவாய் இனத்தைச் சேர்ந்த ஒக்டோபஸைப் பிடிக்கும் பானையைப் போல இருந்ததால், அந்தப் பானையின் பெயரையே நோய்க்கும் வைத்தார்கள்: டகோட்சுபோ. மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. பெரும்பாலோர் சில கிழமைகளில் குணமடைகிறார்கள். அரிதானதுதான், ஆனாலும் மனத்தின் பாரம் இதயத்தை உண்மையாகவே தொடும் என்பதற்கு இது சாட்சி.

நான் உங்களைப் பயப்படுத்த வரவில்லை. பஸ் போன இரவில் அழுகிற எல்லா உம்மாவுக்கும் இதய நோய் என்று யாரும் நினைக்க வேண்டாம். அழுவது சுகம். நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. உண்மையான மாரடைப்பு வரும்போது, "புள்ளைகள் போன கவலை" என்று சொல்லி வீட்டில் வைத்திருப்பதற்கு. பெண்களுக்கு, அதிலும் சீனி வருத்தம் உள்ள பெண்களுக்கு, மாரடைப்பு படத்தில் காட்டுவது போல வராமல் போகலாம். மூச்சு வாங்குதல், குளிர்ந்த வியர்வை, ஓங்காளம், தாடையிலோ தோளிலோ முதுகிலோ நோவு, காரணமில்லாத கடும் களைப்பு, இவ்வளவுதான் இருக்கலாம். கவலையா, மாரடைப்பா என்று தீர்மானிக்க வேண்டியது வீட்டு விறாந்தையில் அல்ல. 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் அல்ஹம்துலில்லாஹ். அதற்காக எந்த உம்மாவும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அதேபோல், சில நாளில் குறைய வேண்டிய கவலை இரண்டு கிழமைக்கு மேல் ஒவ்வொரு நாளும் நீடித்தால், சாப்பாடு, நித்திரை, தொழுகை, அயல் எல்லாவற்றிலும் மனம் விட்டுப்போனால், அதை ஈமான் குறைவு என்று சொல்லாதீர்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் இருக்கிறது. 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல உதவிச் சேவையோடு பேசலாம்.

இப்போது இதைவிடக் கடினமான ஒரு பிரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது லீவில் வந்த உம்மா, சின்னப் பிள்ளையை விட்டு மீண்டும் வெளிநாடு போகும் பிரிவு. எங்களோடு படித்தவர்களிலும் அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த வீடுகளில் நடக்கும் ஒரு காரியத்தை நிறுத்தலாம். பிள்ளை அழும் என்று பயந்து, அது நித்திரை கொள்ளும்போது போய்விடுவது. அல்லது, "கடைக்குப் போறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவது.

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் வைத்தியசாலைகளும் இதையேதான் செய்தன. பெற்றோர் வந்து போனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது. ஆகவே பார்க்க வருவதையே கட்டுப்படுத்தினார்கள். ஜோன் போல்பி என்ற மனநல வைத்தியரோடு வேலை செய்த ஜேம்ஸ் ரொபர்ட்சன் அந்த அமைதியை உற்றுப் பார்த்தார். 1952இல் வைத்தியசாலையில் தங்கிய ஓர் இரண்டு வயதுப் பிள்ளையைப் படம் பிடித்துக் காட்டினார். அமைதியான பிள்ளை சுகமாக இல்லை, அது நம்பிக்கை இழந்து அடங்கியிருக்கிறது என்பது பலருக்கு விளங்கியது. 1959இல் வெளியான பிளாட் அறிக்கை பெற்றோரைத் தடையில்லாமல் அனுமதிக்கச் சொன்னது. இன்று எங்கள் குழந்தைகள் வார்டில் உம்மா பக்கத்திலேயே இருக்க முடிவதற்கு, அழுகைக்குப் பயப்பட வேண்டாம் என்று உலகம் கற்றுக்கொண்ட அந்தப் பாடமும் ஒரு காரணம்.

ஆகவே பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். எங்கே போகிறீர்கள், யார் சோறு தீத்துவார், எந்த நாளில் கோல் எடுப்பீர்கள் என்று அதன் மொழியில் சொல்லுங்கள். அது கத்தி அழட்டும். சொல்லாமல் போனால், பிறகு உம்மம்மா கிணற்றடிக்குப் போனாலும் அந்தப் பிள்ளை பின்னாலேயே ஓடும். விழித்தால் யார் இல்லாமல் போவார்களோ என்று நித்திரை கொள்ளவே பயப்படும். சொல்லிவிட்டுப் போனவர் சொன்னபடி கோல் எடுக்கும்போது, போனவர் திரும்புவார் என்ற நம்பிக்கை அதற்கு வளரும்.

விடைபெறுதல் எவ்வளவு பெறுமதியானது என்பது, அது கிடைக்காமல் போனவர்களுக்குத் தெரியும். எங்கள் கரைக்கு அது இரண்டு முறை கற்பிக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாடசாலை விடுமுறை. வெளியூர்களிலிருந்து வந்திருந்த பலர் கடற்கரைப் பக்க வீடுகளில் தங்கியிருந்தார்கள். நோன்புப் பெருநாள் முடிந்து ஏறத்தாழ ஆறு கிழமைதான் ஆகியிருந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்கள் போனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். எங்கள் பாடசாலைச் சீருடை அணிந்த பிள்ளைகளும் போனார்கள். காலைத் தேநீரைக் குடித்துவிட்டு வெளியில் போன ஒருவரிடம், "பெய்த்து வாங்க" என்றுகூடச் சொல்லவில்லையே என்ற சொல்லை நான் இத்தனை வருடம் கழித்தும் கேட்கிறேன்.

அடுத்தது கொரோனா. 2020 மே மாத நோன்புப் பெருநாளில் ஊரடங்கினால் யாரும் யாரிடமும் போக முடியவில்லை. அதைத் தாங்கிக்கொண்டோம். அந்த ஏப்ரல் முதல் மறு ஆண்டு பெப்ரவரி வரை எங்கள் ஜனாஸாக்களை எரித்தார்கள். பிறகு ஓட்டமாவடியில் அடக்க அனுமதி வந்தபோதும், முகம் பார்க்க, குளிப்பாட்ட, கபன் இட, கூடி நின்று தொழ முடியாத குடும்பங்கள் எத்தனை. மரணத்தில் விடைகொடுக்கும் ஒழுங்கு ஒன்று எங்களிடம் இருந்தது. அது இல்லாமல் போனவர்களின் துக்கம் இன்னும் ஆறவில்லை என்பதை நாங்கள் கிளினிக்கில் காண்கிறோம்.

இதையெல்லாம் கண்ட எங்களுக்கு, கடப்படியில் நின்று கை காட்டி அழுவதற்கு ஓர் இரவு கிடைப்பது சின்ன விஷயமாகத் தெரியக் கூடாது.

மார்க்கமும் இந்த அழுகையைத் தடுக்கவில்லை. யூஸுப் நபியைப் பிரிந்த யஃகூப் நபியின் கண்கள் துயரத்தால் பூத்துப்போயின என்று குர்ஆன் சொல்கிறது. அவர் பொறுமையற்றவர் என்று யாரும் சொன்னதில்லை. நாங்கள் கூடிக் கொண்டாடும் ஹஜ்ஜுப் பெருநாளின் வரலாற்றிலேயே ஒரு பிரிவு இருக்கிறது. தண்ணீரும் மரமும் இல்லாத பள்ளத்தாக்கில் மனைவியையும் பால்குடிப் பிள்ளையையும் விட்டுவிட்டு இப்ராஹீம் நபி நடக்கிறார். ஹாஜர் அம்மையார் பின்னால் போய்க் கேட்கிறார், இது அல்லாஹ்வின் கட்டளையா என்று. ஆம் என்றதும், அப்படியானால் அவன் எங்களைக் கைவிட மாட்டான் என்று திரும்பி வருகிறார். திரும்பி வந்தவர் சும்மா இருக்கவில்லை. தண்ணீர் தேடி ஓடினார். ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஹாஜிமார் இன்றும் நடப்பது, பின்னால் விடப்பட்ட ஒரு தாய் ஓடிய பாதையில். போனவரின் தியாகத்தை நாங்கள் அதிகம் பேசுகிறோம். நின்றவரின் ஓட்டத்தையும் நினைக்க வேண்டும்.

இனி, நான் கண்டதிலிருந்து சில காரியங்களைச் சொல்கிறேன். மருந்துச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வந்த அன்றே போகும் நாளைச் சொல்லுங்கள். உம்மா கவலைப்படுவார் என்று கடைசி நாள் வரை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். தெரியாத நாளுக்கு அவர் ஒவ்வொரு நாளும் பயப்படுவார். தெரிந்த நாளுக்கு மனத்தைத் தயார் செய்துகொள்வார்.

இரண்டாவது, வளவுப் பங்கு, உறுதி, சீதனம், யார் உம்மாவைப் பார்ப்பது போன்ற கதைகளைக் கடைசி இரவில் எடுக்காதீர்கள். அவற்றைக் கதைக்கத்தான் வேண்டும். ஆனால் வந்த இரண்டாம் மூன்றாம் நாளில் கதையுங்கள், கோபம் ஆற நேரம் இருக்கும். கோபத்தோடு பஸ் ஏறிப் போய், அந்தக் கோபத்தை ஆற்ற இனி வழியே இல்லாமல் போன பிள்ளைகளின் துக்கம் மிகக் கடினமானது.

மூன்றாவது, பார்சலை மறுக்காதீர்கள். விமானத்தில் நிறை கூடும் என்றால் உடுப்பைக் குறையுங்கள். பிள்ளை போகும் நாளில் அந்த உம்மாவின் கைக்கு ஒரு வேலை தேவை.

நான்காவது, குளிசை. பெருநாள் நாட்களில் உம்மாவின், வாப்பாவின் மருந்து தவறாமல் பார்க்க ஒரு பேரப்பிள்ளையை நியமியுங்கள். போவதற்கு முன் கிளினிக் கொப்பியை வாங்கி, அடுத்த திகதியைப் பாருங்கள். அன்று அவரைக் கூட்டிக்கொண்டு போகப்போவது யார் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

ஐந்தாவது, மூன்றாம் நாள் கோல் எடுங்கள். போய்ச் சேர்ந்தேன் என்று எல்லோரும் அன்றே சொல்கிறோம். அடுத்த நாள் அயலவர் வந்து, யார் யார் என்ன கொண்டு வந்தார்கள் என்று கதைப்பார்கள். மூன்றாம் நாள் பின்னேரம், பிரிட்ஜில் இருந்த கறி முடிந்திருக்கும், விரித்த பாய்கள் சுருட்டப்பட்டிருக்கும், வருகிறவர்கள் நின்றிருப்பார்கள். என்னிடம் வரும் உம்மாமாரில் பலர், நெஞ்சுப் பாரம் தொடங்கிய நேரமாகச் சொல்வது அதைத்தான். அந்தப் பின்னேரம் பத்து நிமிடம் பேசுங்கள். அவர் செய்த ஒரு கறியை எப்படிச் செய்தார் என்று கேளுங்கள்.

போகிறவர்களுக்கும் ஒரு சொல். உங்களை நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. தூர நாட்டில் பனிக் காலத்தில் இரவு வேலை முடிந்து வந்து, பெருநாள் போட்டோக்களை வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டு இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். நீங்கள் போனது பிழையல்ல. உங்கள் உம்மாமார் தாங்கள் பெறாததை உங்களுக்குத் தர விரும்பித்தான் உங்களை இந்தப் பாடசாலையின் வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். படித்த மகள் தூரத்துக்குப் போகக்கூடும் என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டும் காலையில் தலை வாரி அனுப்பினார்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டை நினைவுகூரக் கட்டடம் கட்டுவோம், ஸ்மார்ட் வகுப்பறை அமைப்போம், நல்லது. அதோடு செலவில்லாத இன்னொரு காரியத்தையும் தொடங்குவோம். ஊரில் இருக்கும் பழைய மாணவிகள், மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை, ஊருக்கு ஊர் ஒரு சிறு குழுவாகச் சேர்வோம். ஒவ்வொரு பெருநாளும் முடிந்த மூன்றாம் நாள், பொங்கலும் தீபாவளியும் நத்தாரும் முடிந்த மூன்றாம் நாளும், தனித்திருக்கும் உம்மாமாரையும் அம்மாமாரையும் வீடு தேடிப் போய்ப் பார்ப்போம். எங்களில் பிரஷர் பார்க்கத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறோம். தூரத்தில் இருப்பவர்கள் தங்கள் தாயின் பெயரையும் தெருவையும் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தப் பட்டியலில் முதலில் எழுத வேண்டியது எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியைகளின் பெயர்களை. எங்களை வெளியே அனுப்ப வீடு வீடாக ஏறி இறங்கியவர்களின் வீட்டுக் கடப்படியில் யாராவது வந்து நிற்க வேண்டும்.

இன்று பின்னேரம் இந்த ஒன்றுகூடலும் முடியும். பஸ்கள் வரும், வேன்கள் வரும். அவசரத்தில் யாரும் சொல்லாமல் போய்விடாதீர்கள். சபைக்கு வரும்போது ஸலாம் சொல்வது போலவே, சபையை விட்டுப் போகும்போதும் ஸலாம் சொல்லச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. மூத்த ஆசிரியைகளிடம் போய்க் கையைப் பிடித்துச் சொல்லுங்கள். உங்கள் ஒவ்வொருவரையும், உங்களுக்காகக் காத்திருக்கும் உம்மாமாரையும் அல்லாஹ்விடம் ஒப்படைக்கிறேன். அவனிடம் ஒப்படைக்கப்பட்டது வீணாவதில்லை.